மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

நெடுந்தூர ஓட்டம் பழகும் முதல் 12 வாரங்களில் உங்கள் உடலுக்குள் என்ன நடக்கிறது?

2.4 கிலோமீட்டர். பள்ளித் திடலில் 400 மீட்டர் ஓடுபாதை இருந்தால் சரியாக ஆறு சுற்று. உடலுறுதித் தேர்வு நெருங்குகிறது என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னதும், நீங்களும் நண்பர்களோடு ஓடிப் பார்க்கப் போனீர்கள்.

முதல் சுற்றில் எல்லாருக்கும் முன்னால் ஓடினீர்கள். இரண்டாவது சுற்றில் வாய் உலர்ந்தது. மூன்றாவது சுற்றில் விலாவுக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் வலித்தது. நான்காவது சுற்றை நடந்தே முடித்தீர்கள். மறுநாள் காலையில் புளோக்கின் படிகளில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினீர்கள். ‘எனக்கும் ஓட்டத்துக்கும் ஒத்துவராது’ என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். விடாமல் பழகினால் ஐந்தாறு வாரங்களில் அதே ஆறு சுற்றையும் நிற்காமல் ஓடிவிட முடியும். மூச்சு சீராகும். ‘இன்னும் இரண்டு சுற்று ஓடலாமே’ என்றுகூடத் தோன்றும்.

கவனமாக இருக்க வேண்டிய நேரமும் அதுதான். மூச்சு வாங்கும் முதல் வாரத்தில் உடல் தானாகவே நம்மை நிறுத்திவிடும். நன்றாக ஓட வருகிறது என்று தெரிந்தபின் நம்மை நிறுத்த ஆள் இல்லை. தூரத்தையும் வேகத்தையும் ஒரேயடியாகக் கூட்டிவிடுகிறோம். பிறகு ஒரு நாள் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கத் தொடங்குகிறது. ஏன் இப்படி? உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் தசையும் வாரக் கணக்கில் பழகுகின்றன. எலும்பும் தசைநாணும் மாதக் கணக்கில் பழகுகின்றன. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால், எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த வலியில் நிற்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதல் நாள்: மூச்சு ஏன் இரைக்கிறது?

ஓடும்போது தசைக்கு ஆற்றல் வேண்டும். சர்க்கரையையும் கொழுப்பையும் உயிர்வாயுவோடு சேர்த்து எரித்து அந்த ஆற்றலைத் தசை பெறுகிறது. வேகம் கூடினால் உயிர்வாயுவின் தேவையும் கூடும். பழகாத உடலில் இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தம் குறைவு. அதனால் அது வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையை நெருங்கும்போது, உயிர்வாயு அதிகம் தேவைப்படாத இன்னொரு வழியில் தசை சர்க்கரையை உடைக்கிறது. அந்த வழி விரைவானது. ஆனால் நீண்ட நேரம் தாங்காது. கால் கனத்துப்போவதும் மூச்சு இரைப்பதும் அப்போதுதான்.

முதல் நாள் நீங்கள் செய்த தவறு பெரிதொன்றுமில்லை. முதல் சுற்றை 100 மீட்டர் ஓட்டம்போல் ஓடினீர்கள். அவ்வளவுதான். நெடுந்தூர ஓட்டத்திற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டே பக்கத்தில் வரும் நண்பரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தொடக்கத்தில் இந்த வேகம் நடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விலாவுக்குக் கீழே வந்த அந்தக் குத்துவலிக்கு என்ன காரணம் என்று அறிவியலாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. உதரவிதானத்தின் பிடிப்பு என்று சிலரும், வயிற்றறையின் உள்ளுறை உராய்ந்து எரிச்சலடைவதால் என்று சிலரும் கூறுகிறார்கள். ஓடுவதற்குச் சற்று முன்பு வயிறு நிறையச் சாப்பிடுவதும் இனிப்புப் பானம் குடிப்பதும் அதைத் தூண்டுகின்றன என்பது மட்டும் தெரிந்ததே. வலி வந்தால் வேகத்தைக் குறைத்து மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் போய்விடும்.

மறுநாள்: படி இறங்கும்போது வரும் வலி

‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, அதனால்தான் மறுநாள் வலி’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பழைய நம்பிக்கை. ஓட்டத்தின்போது உருவாகும் லாக்டேட், ஓடி முடித்த ஒரு மணி நேரத்திற்குள் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. அதோடு, அதை இதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. நேற்று மாலை மறைந்துபோன ஒன்று இன்று காலையில் வலியைத் தர முடியாது.

உண்மையான காரணம் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம். ஓடும்போது பாதம் தரையைத் தொட்டதும் முழங்கால் சற்று மடங்குகிறது. உடல் அப்படியே சரிந்துவிடாமல் இருக்க, முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. சுருங்க வேண்டிய தசை நீளும்போது வேலை செய்வதால் இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. உடல் அவற்றைச் சீர்செய்யும்போது வீக்கமும் வலியும் தோன்றுகின்றன. இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு தானாகக் குறையும். படி ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம் வலிப்பதற்கும் இதுவே காரணம். இறங்கும்போதும் அதே தசை நீண்டுகொண்டேதான் உடலைத் தாங்குகிறது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை இந்தச் சேதத்தைச் சந்தித்த தசை, சில நாள்கள் கழித்து அதே பயிற்சியைச் செய்யும்போது மிகக் குறைவாகவே சேதமடைகிறது. முதல் ஓட்டத்துக்குப் பின் வந்த வலி இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்துக்குப் பின் அதே அளவில் வராது. ‘ஒத்துவராது’ என்று முடிவெடுக்கத் தகாத நாள் ஒன்று உண்டென்றால், அது முதல் ஓட்டத்திற்கு மறுநாள்தான்.

இரண்டாம் வாரம் முதல்: இதயமும் இழைமணியும்

முதலில் மாறுவது ரத்தம். பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களுக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பிவரும் ரத்தம் கூடுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே அனுப்பும் அளவும் கூடுகிறது. அதே வேகத்தில் ஓட இப்போது குறைந்த துடிப்புகளே போதும். கூடுதல் நீர், வியர்ப்பதற்கும் உதவுகிறது.

அடுத்த மாற்றம் தசை உயிரணுக்களுக்குள். ஒவ்வோர் உயிரணுவிலும் உயிர்வாயுவைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகள் உள்ளன. இவற்றை மைட்டோகாண்டிரியா அல்லது இழைமணி என்று உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1967-இல் ஜான் ஹொலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர், எலிகளை ஓடுபொறியில் பல வாரங்கள் ஓடவிட்டு அவற்றின் தசைகளைச் சோதித்தார். உயிர்வாயுவைப் பயன்படுத்தும் இழைமணி நொதிகளின் அளவு, ஓடாத எலிகளில் இருந்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது. பயிற்சியால் நுரையீரலும் இதயமும் மட்டுமே மாறுகின்றன என்று நினைத்திருந்த காலத்தில், தசையும் உள்ளுக்குள் மாறுகிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. மனிதர்களிடமும் இதே வகை மாற்றம் சில வாரங்களிலேயே தொடங்குகிறது. தசையைச் சுற்றியுள்ள நுண்குழாய்களும் பெருகுகின்றன.

இவையெல்லாம் சேர்ந்துதான் ஐந்தாம், ஆறாம் வாரத்தில் அந்த ‘இன்னும் ஓடலாமே’ என்ற உணர்வைத் தருகின்றன. உணர்வு பொய்யில்லை. உங்கள் இதயமும் தசையும் உண்மையாகவே முன்னேறியிருக்கின்றன. அவற்றைச் சுமக்கும் கால் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் அந்த உணர்வு சொல்வதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடுகிறீர்கள், நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறீர்கள் என்று கொள்வோம். மொத்தம் 2,400 அடி. ஒரு காலுக்கு 1,200.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இரு கால்களும் ஒரு கணம் காற்றில் இருக்கும். பிறகு ஒரே கால் முழு உடலையும் தாங்கும். அப்போது அந்தக் காலின் மீது விழும் விசை, உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. உங்கள் எடை 50 கிலோகிராம் என்றால் ஏறக்குறைய 125 கிலோகிராம் எடையைத் தாங்குவதற்குச் சமம். 1,200 அடிகளின் சுமையைக் கூட்டிப் பாருங்கள்: 150,000 கிலோகிராம், அதாவது 150 டன். ஒரு தேர்வு ஓட்டத்தில் ஒரு கால் தாங்கும் மொத்தச் சுமை இது. வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் அதைப்போல் மூன்று மடங்கு. தூரத்தை இருமடங்காக்கினால் சுமையும் இருமடங்கு.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். எலும்பு இதைத் தாங்கக்கூடியது. தாங்கத் தாங்க வலுப்பதும் அதன் இயல்புதான். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

எலும்பு: முதலில் இடிக்கும், பிறகு கட்டும்

எலும்பு கல்லைப்போல் மாறாமல் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது தன்னை ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள திசு. சுமைக்கு ஏற்ப எலும்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்று 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் எழுதினார். டென்னிஸ் வீரர்களிடம் இதை நேரிலேயே பார்க்கலாம். மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு, மற்றக் கையின் எலும்பைவிடத் தடித்திருக்கும். இதற்கு நேர்மாறானது விண்வெளியில் நடக்கிறது. எடையே உணராத விண்வெளி வீரர்களின் இடுப்பு போன்ற சுமைதாங்கும் எலும்புகள், மாதத்திற்கு 1 முதல் 1.5 விழுக்காடு அடர்த்தியை இழக்கின்றன.

எலும்பு எப்படிப் புதுப்பித்துக்கொள்கிறது? பழைய சுவரில் விரிசல் கண்டால் கொத்தனார் என்ன செய்வார்? விரிசல் விட்ட பகுதியை முதலில் கொத்தி எடுப்பார். பிறகுதான் புதிய சாந்து பூசுவார். எலும்பும் அப்படித்தான். நீங்கள் ஓடியதால் நுண்ணிய சேதம் ஏற்பட்ட இடத்தை, எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் முதலில் அரித்து எடுக்கின்றன. இதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும். அதன்பின் எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் வந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகின்றன. நிரப்பி, கெட்டிப்பட மூன்று, நான்கு மாதங்கள் ஆகும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடிக்க மூன்று வாரம். கட்ட மூன்று மாதத்துக்கு மேல். இடையில் சில வாரங்கள், அந்த இடம் பயிற்சிக்கு முன்பு இருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். உங்களுக்கோ அப்போதுதான் மூச்சு சீராகி, உற்சாகம் ஏறியிருக்கும். அந்த வாரங்களில் தூரத்தைத் திடீரெனக் கூட்டினால், கட்டி முடியாத சுவரில் பாரத்தை ஏற்றியதாகிவிடும்.

விளைவு முதலில் கணைக்கால் எலும்பின் உட்புற ஓரத்தில் வலியாகத் தெரியும். கணுக்காலுக்கு மேலே, விரலால் தடவினால் ஒரு சாண் நீளத்துக்கு வலிக்கும். புதிதாக ஓடத் தொடங்குவோரிடம் அடிக்கடி காணும் வலி இது. இந்த நிலையில் ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகிவிட வாய்ப்பு அதிகம். பொருட்படுத்தாமல் ஓடினால் சிலருக்கு எலும்பில் மெல்லிய கீறல் விழலாம். அழுத்த முறிவு எனப்படும் இந்தக் கீறல் வந்துவிட்டால் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஓட முடியாது. ஒரு வாரம் ஓய்வெடுக்க மனம் வராதவர், ஒரு பருவம் முழுவதையும் இழக்க நேரிடும்.

தசைநாண்: அணுகுண்டு காட்டிய உண்மை

குதிகாலுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். தடித்த கயிறுபோல் ஒன்று தட்டுப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் அது. ஓடும்போது ரப்பர்போல் நீண்டு ஆற்றலைச் சேமித்து, அடுத்த அடியில் திருப்பித் தருகிறது.

இந்தக் கயிறு எவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது? இந்தக் கேள்விக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இருமடங்கானது. 1963-இல் அத்தகைய சோதனைகளைத் தடைசெய்யும் உடன்பாடு ஏற்பட்டபின் அது படிப்படியாகக் குறைந்தது. செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுத்தன. அதை உண்ட மனிதர்களின் உடலுக்குள்ளும் அது சென்றது. எனவே ஒரு திசுவில் இருக்கும் கார்பன்-14 அளவைப் பார்த்து, அந்தத் திசு எந்த ஆண்டுவாக்கில் உருவானது என்று கணிக்கலாம்.

2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இந்த முறையில், வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் குதிகால் தசைநாண்களைச் சோதித்தார்கள். தசை வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுவது தெரிந்தது. தசைநாணின் மையப்பகுதியோ, அவர்கள் சிறுவர்களாகவும் பதின்ம வயதினராகவும் இருந்தபோது காற்றில் நிலவிய கார்பன்-14 அளவையே காட்டியது. முதல் 17 ஆண்டுகளில் உருவாகும் அந்த மையப்பகுதி, அதன்பின் ஏறக்குறைய மாறுவதே இல்லை.

பயிற்சியால் பெரியவர்களின் தசைநாணும் ஓரளவு வலுப்பெறும். ஆனாலும் இப்போது உங்கள் குதிகாலில் உருவாகிக்கொண்டிருக்கும் தசைநாண், நீங்கள் 60 வயதில் பேருந்தைப் பிடிக்க விரையும்போதும் உங்களோடு இருக்கப்போவது. உயர்நிலைப் பள்ளி வயதில் அளவாக ஓடுவதும் தாவுவதும் நல்லது. அதே வயதில் குதிகால் வலியை அலட்சியம் செய்வது நல்லதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

வளரும் வயதுக்கென்று ஒரு வலி

பெரியவர்களுக்கு வராத ஒரு வலி உங்களுக்கு வரலாம். முழங்கால் சிப்பிக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு இருக்கிறதல்லவா? முன்தொடைத் தசை அந்த இடத்தில்தான் எலும்போடு இணைகிறது. வளரும் வயதில் அங்கே எலும்பு முழுமையாகக் கெட்டிப்படாமல் குருத்தெலும்பாக இருக்கும். உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் எலும்பு நீள, தசை இறுகி அந்த இடத்தை இழுக்கும். அதோடு ஓட்டமும் குதிப்பும் சேர்ந்தால் மேடு வீங்கி வலிக்கும். 1903-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தில் கார்ல் ஷ்லாட்டர் ஆகிய இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்தார்கள். இன்றும் அவர்கள் பெயராலேயே ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று இது அழைக்கப்படுகிறது. குதிகாலிலும் இதே வகை வலி வருவதுண்டு.

பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது இந்த வலியும் முடிந்துவிடும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று பொருளில்லை. வலிக்கும் வாரங்களில் ஓட்டத்தைக் குறைத்து, நீச்சலுக்கோ மிதிவண்டிக்கோ மாறலாம். இதயத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. அது தன் பயிற்சியைப் பெற்றுக்கொண்டே இருக்கும்.

எந்த வலியில் ஓடலாம்?

வலி வந்தால் உங்களை நீங்களே நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: வலி எங்கே? இரண்டு தொடையிலும் பரவலாக வலித்தால் தசைவலியாக இருக்கலாம். ஒற்றை விரலால் ‘இதோ இங்கே’ என்று எலும்பின் மேல் ஓர் இடத்தைக் காட்ட முடிந்தால், ஓட்டத்தை நிறுத்துங்கள்.

இரண்டு: ஓடத் தொடங்கியபின் என்ன ஆகிறது? உடல் சூடேறியதும் குறையும் இறுக்கம் பெரும்பாலும் தசையுடையது. ஓட ஓடக் கூடும் வலி எச்சரிக்கை.

மூன்று: ஓய்வில் என்ன ஆகிறது? இரண்டு மூன்று நாள்களில் மறைந்தால் கவலை இல்லை. இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான்கு: உங்கள் நடை மாறுகிறதா? நொண்டி நொண்டி ஓடுகிறீர்கள் என்றால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. ஒரு காலைக் காப்பாற்ற மற்றக் காலின் மேல் பாரத்தைப் போட்டால் அதுவும் சேர்ந்து கெடும்.

‘வலிக்கிறது’ என்று ஆசிரியரிடமோ பயிற்சியாளரிடமோ சொல்லத் தயங்காதீர்கள். சாக்குச் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் மறைக்கிறார்கள். எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு நாளாக என்று தெளிவாகச் சொல்லும் மாணவரை யாரும் சாக்குச் சொல்பவர் என்று நினைக்கமாட்டார்கள்.

எவ்வளவு கூட்டலாம்?

வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களிடையே புகழ்பெற்ற விதி. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு மைல் ஓட்டத்துக்குத் தயாரான 532 புதியவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 10 விழுக்காட்டு விதிப்படி 13 வாரப் பயிற்சி. மற்றொன்றுக்கு 8 வார வழக்கமான பயிற்சி. எந்தக் குழுவில் காயம் குறைந்தது? இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம்.

மெல்லக் கூட்டுவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. எல்லார் காலுக்கும் பொருந்தும் மந்திர எண் ஒன்று கிடையாது என்றே பொருள். பல ஆண்டுகள் காற்பந்து ஆடியவரின் எலும்பும், நாள் முழுதும் நாற்காலியில் இருந்தவரின் எலும்பும் ஒரே நிலையில் தொடங்குவதில்லை. விதியை வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட உங்கள் கால் சொல்வதை நம்புங்கள்.

பொதுவாக இப்படித் தொடங்கலாம். முதல் நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நிமிட மெதுவோட்டம், இரண்டு நிமிட நடை என்று மாறி மாறி 20 முதல் 25 நிமிடம். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே ஒரு நாளாவது இடைவெளி. அடுத்த நான்கு வாரங்களில் ஓடும் நேரத்தை மெல்லக் கூட்டி, நடையைக் குறையுங்கள். வேகத்தைத் தொடவே வேண்டாம். கடைசி நான்கு வாரங்களில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சற்று வேகமாக ஓடிப் பாருங்கள். தூரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டக்கூடாது. ஒவ்வொரு நான்காவது வாரத்தையும் இலகுவாக வைத்துக்கொண்டால், கொத்தனாருக்குச் சாந்து பூச நேரம் கிடைக்கும்.

நம் ஊர் வெயில்

சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். தரையில் சொட்டும் வியர்வை எதையும் எடுத்துச் செல்லாது. ஈரப்பதம் கூடினால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது; உடல் சூடாகிக்கொண்டே போகிறது. வெப்பத்திற்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். விடுமுறை முடிந்து திரும்பும் முதல் இரு வாரங்களில் மெதுவாகவே ஓடுங்கள். தலைசுற்றல், குமட்டல், குழப்பம், வெயிலில் குளிர்வதுபோன்ற உணர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று, நிழலுக்குச் சென்று, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் ஓடவே கூடாது.

தூக்கமும் சாப்பாடும் பயிற்சியின் பகுதிகள். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. எடையைக் குறைக்கலாம் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே ஓடினால், எலும்பைக் கட்டத் தேவையான பொருள் கிடைக்காது. மாணவியருக்கு மாதவிடாய் தொடர்ந்து தவறுமானால் அதை ‘பயிற்சியால் வருவதுதான்’ என்று விட்டுவிடக்கூடாது. உடலுக்கு ஆற்றல் போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பு பலவீனமாவதும் அதோடு சேர்ந்து வரும். அம்மாவிடம் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சிறு நோட்டுப்புத்தகம் போதும். காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிடத்துக்கு நாடித்துடிப்பை எண்ணுங்கள். எழுதி வையுங்கள். பக்கத்திலேயே இரண்டாவது வரியில், முந்தைய நாள் ஓடிய நிமிடங்கள். மூன்றாவது வரியில், எங்காவது வலி உண்டா, 0 முதல் 10 வரை எவ்வளவு.

12 வாரங்கள் கழித்து மூன்று வரிகளையும் வரைபடமாக வரையுங்கள். நாடித்துடிப்பு மெல்லக் குறைந்து வந்திருப்பதைப் பெரும்பாலோர் காண்பீர்கள். ஒரு நாள் காலை அது திடீரென்று கூடியிருந்தால், தூக்கம் போதாமலோ, காய்ச்சல் வரப்போவதாலோ, ஓட்டம் மிகுந்ததாலோ இருக்கலாம். வலியின் கோடு மேலே ஏறிய வாரங்களையும் ஓடிய நிமிடங்கள் திடீரெனக் கூடிய வாரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் காலுக்கு ஏற்ற வேகம் எது என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்த வரைபடம் நன்றாகச் சொல்லும்.

1983-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் நெட்டோட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றவர் நம் க. ஜெயமணி. நெட்டோட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர்; உங்கள் 2.4 கிலோமீட்டரைப்போல் 17 மடங்குக்கும் மேல். அத்தனை தூரத்தைத் தாங்கும் எலும்பும் தசைநாணும் ஒரே பருவத்தில் அமைந்துவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் கட்டப்படுபவை அவை.

உங்களுக்கு இப்போது 42 கிலோமீட்டர் வேண்டாம். பிடோக் நீர்த்தேக்கத்தை ஒருமுறை சுற்றி வந்தால் ஏறக்குறைய 4.3 கிலோமீட்டர். பன்னிரண்டாவது வாரத்தின் ஒரு காலைப் பொழுதில், நண்பரோடு பேசிக்கொண்டே அந்தச் சுற்றை நிற்காமல் ஓடி முடித்துவிட்டு, மறுநாள் படிகளில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிப் பள்ளிக்குப் போக முடிந்தால், உங்கள் மூச்சை உங்கள் எலும்பு எட்டிப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.